பவர் வீடரும் கோரையும்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

பவர் வீடர் என்ற களையெடுக்கும் எந்திரத்தை வாங்கலாமா என்று கேட்ட நண்பர், அதன் எஞ்சின் திறன், எடை, கியர் எல்லாம் தானே பார்த்து வைத்திருக்கிறார். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பல பருவம் ஓட்டியதில் எனக்கு மிஞ்சியிருப்பது கோரை என்ற கிழங்குக் களையைப் பற்றிய புலம்பல் மட்டும்தான்.

சரி, முதலில் நல்லது. விதையிலிருந்து முளைக்கும் களைகளுக்கு இதைவிடச் சுகமான கருவி கிடையாது. சாரணையும் இளம் புல்லும் ஒரே ஓட்டத்தில் வேரோடு பெயர்ந்து வெயிலில் காய்ந்துவிடும். ஈரப்பதம் பார்த்து ஓட்டினால் மண்ணும் பொலபொலவென்று ஆகிவிடும்.

கோரைக்கு மட்டும் இது களை எடுக்கும் கருவி அல்ல, நடவு எந்திரம். கோரைக் கிழங்குகள் மண்ணுக்கடியில் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை நுனிக்கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைக்கும். பிளேடு அதை அறுத்ததும் தூங்கிக் கிடந்த ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கிறது. ஓட்டிய அன்று வயல் பளிச்சென்று இருக்கும். அடுத்த தண்ணீர் பாய்ந்ததும் முன்பைவிட நெருக்கமாகக் கோரை நிற்கும். கொத்தினாலும் இதே கதிதான், எந்திரத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆனால் கையேட்டில் 'எல்லாக் களைகளுக்கும்' என்று அச்சடித்தவரைத் திட்டலாம்.

புல்லா கோரையா என்று சந்தேகமிருந்தால் பூத்தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். கோரை மூன்று பட்டையாக நெருடும், கணு இருக்காது, உள்ளே கெட்டியாக இருக்கும். பூக்காத செடியில் இலைகள் மூன்று திசையாகப் பிரிந்திருக்கும்.

கோரை என்று உறுதியானால் பயிர்க்காலத்தில் வீடரை ஓரம் கட்டுங்கள். மக்காச்சோளத்திலும் கரும்பிலும் ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லிக்குக் கோரை கேட்கிறது. மற்றப் பயிர்களுக்கு லேபிளைப் பார்க்காமல் அடிக்க வேண்டாம். இளம் கோரையில் அடித்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், மெதுவாகத்தான் மஞ்சளாகும். அவசரப்பட்டு உடனே வீடரை இறக்கினால் மருந்து கிழங்குவரை போய்ச் சேராது. அப்புறம், கோரைக்கு நிழல் ஆகாது. தட்டைப்பயறு போல மண்ணைச் சீக்கிரம் மூடும் பயிரைப் போட்டால் இளைத்துவிடும்.

எதிர்பாராத சந்தோஷம் கோடையில்தான். கிழங்கில் பெரும்பகுதி மேல்மண்ணில், 15 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும். ஈரமே இல்லாத தரிசில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டினால், அறுந்து மேலே வரும் கிழங்குகள் வெயிலில் வற்றிச் செத்துவிடும். அந்த மாதங்களில் இந்த எந்திரத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

இருந்தாலும், கோரை மண்டிய நிலம் என்றால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் வாடகை வீடர் வேறு வயல் மண்ணைப் பிளேடிலேயே சுமந்துகொண்டு வரும், அதோடு கிழங்கும் வரும். வரப்பிலேயே நிறுத்திப் பிளேடையும் சக்கரத்தையும் கழுவ விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் சொந்தமாகவே வாங்கிவிடுங்கள்.