எஷ்மேயர் மீன் பெயர்ப் பட்டியல்: நிலத்தடி உழுவையை வகைப்படுத்த எவ்வளவு துணை செய்கிறது?

கலிபோர்னியா அறிவியல் கழகம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இணையத்தில் கட்டணமின்றி நடத்திவரும் ‘எஷ்மேயர் மீன் பெயர்ப் பட்டியல்’, மீன்களின் அறிவியல் பெயரைச் சரிபார்க்க விரும்புவோர் முதலில் நாடும் சேவையாகும். வில்லியம் எஷ்மேயர் பல்லாண்டு உழைத்துத் தொகுத்து, 1998இல் மூன்று பெரிய தொகுதிகளாக அச்சில் வெளிவந்த இப்பணி, இப்போது ரொனால்ட் ஃபிரிக், ரிச்சர்ட் வான் டெர் லான் ஆகியோரின் பதிப்புப் பொறுப்பில் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. 36,000க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் இதில் ஏற்கப்பட்டவையாக இடம்பெற்றுள்ளன. நெத்திலியையோ கெண்டையையோ தேடிப் பார்த்து இதன் தரத்தை அளக்க முடியாது என்பதால், அறிஞர்களே கருத்து மாறுபட்ட ஒரு மீனை, மேற்கு ஆஸ்திரேலியாவின் கேப் ரேஞ்ச் பகுதியில் நிலத்தடி நீரில் வாழும் கண்ணற்ற உழுவையை, எடுத்துக்கொண்டு இதை மதிப்பிடுகிறேன்.

மில்யெரிங்கா வெரிட்டாஸ் என்பது அதன் பெயர். ஐந்து சென்டிமீட்டர் அளவில் உள்ள இம்மீனுக்கு வெளியே தெரியும் கண்கள் இல்லை. உடலில் நிறமி இல்லை. தலையில் வரிசை வரிசையாக அமைந்த நுண்ணிய உணர்வுப் புடைப்புகளைக் கொண்டே இருளில் இரை தேடுகிறது. சுண்ணாம்புப் பாறைக்குள், கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கும் நீர்நிலைகளில் இது வாழ்கிறது. அதே நிலத்தடி நீரில் கண்ணற்ற விலாங்கு போன்ற ஓஃபிஸ்டெர்னான் கேண்டிடம் என்னும் மீனும் உண்டு.

இப்படிப்பட்ட உயிரியை வகைப்படுத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை முதலில் சொல்ல வேண்டும். உலகின் எந்த மூலையில் குகைக்குள் குடியேறினாலும் மீன்கள் கண்ணையும் நிறத்தையும் இழக்கின்றன. ஆகவே, கண்ணுக்குச் சட்டென்று படும் அடையாளங்கள் உறவைக் காட்டுவதில்லை. ஒரே வகைச் சூழலில் வாழ்ந்ததையே காட்டுகின்றன. இடுப்புத் துடுப்புகள் இரண்டும் பெரும்பாலான உழுவைகளில் ஒட்டிக் கிண்ணம்போல் ஆவதற்கு மாறாகத் தனித்தனியாக இருப்பது, செவுள்மூடிச் சவ்வைத் தாங்கும் எலும்புக் கதிர்கள் ஐந்தா ஆறா என்பது போன்ற நுட்பமான உறுப்பமைப்புகளையும், அண்மைக் காலமாக மரபணு வரிசைகளையும் வைத்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. இந்த வாதங்கள் எழுபது ஆண்டுகளாகப் பல இதழ்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி அடைய இந்தப் பட்டியல் வழிகாட்டுகிறதா என்பதே என் கேள்வி.

நன்றாகவே வழிகாட்டுகிறது. இனப் பெயரைத் தேடினால் வரும் பதிவில், மீனை முதலில் விவரித்தவர் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கில்பர்ட் விட்லி என்பதும், ஆண்டு 1945 என்பதும், எந்த இதழில் வெளியானது என்பதும், மாதிரி எடுக்கப்பட்ட இடம் நார்த் வெஸ்ட் கேப் முனையை ஒட்டிய மில்யெரிங் என்பதும், மூலமாதிரி (இனத்தை விவரிக்க அடிப்படையாக வைத்த மீன்) பாதுகாக்கப்படும் விவரமும், பின்னர் இப்பெயரைக் கையாண்ட ஆய்வுகளின் வரிசையும், இறுதியில் இன்றைய நிலையும் ஒரே பத்தியில் கிடைக்கின்றன. நிலம் வாங்குமுன் எடுத்துப் பார்க்கும் வில்லங்கச் சான்றைப் போல, பெயர் யார் யார் கைக்கு மாறியது என்பதை ஆண்டுவாரியாக அது காட்டுகிறது. மற்றத் தரவுத்தளங்கள் பல, இறுதி முடிவை மட்டும் தந்து நின்றுவிடுகின்றன. முடிவுக்கு வந்த பாதையையும் சேர்த்து வைத்திருப்பதே இப்பட்டியலை நான் பெரிதும் மதிக்கக் காரணம்.

இதன் அருமை மில்யெரிங்கா புரூக்ஸி என்ற பெயரைத் தேடும்போது முழுமையாக விளங்கும். 2010இல் புரொசாந்தா சக்கரவர்த்தி கேப் ரேஞ்ச் பகுதியிலிருந்தே இரண்டாவது இனமாக அதை விவரித்தார். 2013இல் ஹெலன் லார்சனும் அவருடன் பணியாற்றியோரும் வெரிட்டாஸை மறுபடி விவரித்தபோது, புரூக்ஸி தனி இனமன்று, வெரிட்டாஸின் மற்றொரு பெயரே என்று முடிவு கட்டினர். அதே கட்டுரையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள பாரோ தீவிலிருந்து மில்யெரிங்கா ஜஸ்டிஷியா என்ற புதிய இனத்தையும் அறிமுகப்படுத்தினர். பட்டியல் புரூக்ஸியை நீக்கிவிடவில்லை. அதற்கென்று தனிப் பதிவை வைத்துக்கொண்டு, இன்று அது எந்தப் பெயருக்குள் அடங்குகிறது என்றும், யாருடைய ஆய்வின்படி என்றும் குறிப்பிடுகிறது. பழைய கட்டுரையில் புரூக்ஸி என்ற பெயரைக் கண்டு குழம்பும் மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஒரு சிறிய நிலத்தடி நீர்ப்பரப்பில் ஓர் இனம் வாழ்கிறதா, இரண்டு இனங்கள் வாழ்கின்றனவா என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் வாழிடப் பரப்பும் சுருங்கும் அல்லது விரியும். பாதுகாப்புத் திட்டமும் அதற்கேற்ப மாறும். வெரிட்டாஸ் ஆஸ்திரேலியச் சட்டப்படி அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் இருப்பதால், இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று.

குடும்ப அளவில் வரும்போது எனக்குச் சிறிது மனக்குறை ஏற்படுகிறது. 2012இல் சக்கரவர்த்தி, டேவிஸ், ஸ்பார்க்ஸ் ஆகியோர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, மில்யெரிங்காவுக்கு மிக நெருங்கிய உறவு 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தென்மேற்கு மடகாஸ்கரின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் டிஃப்லியோட்ரிஸ் என்ற கண்ணற்ற பேரினமே என்று காட்டினர். வெளிச்சத்துக்கே வராத மீன் பெருங்கடலைக் கடந்திருக்க வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இணைந்திருந்த பழங்கால கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்து விலகியபோது இரு கிளைகளும் பிரிந்தன என்பது அவர்கள் விளக்கம். முதுகெலும்பிகளின் வரலாற்றில் இத்தனை வியப்பான உறவுகள் மிகச் சிலவே. பட்டியல் இவ்விரு பேரினங்களையும் மில்யெரிங்கிடே குடும்பத்தில் வைக்கிறது. ஆனால் லார்சன் குழுவினர் 2013இலும் இம்மீனை எலியோட்ரிடே குடும்பத்தில் வைத்தே எழுதினர். இந்தக் கருத்து மாறுபாட்டின் காரணங்களைப் பதிவு சொல்வதில்லை; ஒரு குடும்பப் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடுகிறது. இனப் பெயருக்குக் காட்டும் அதே பொறுமையைக் குடும்பப் பெயருக்கும் காட்டினால், உறவுமுறையை ஆராய்பவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

படங்களையும், பிடித்த மீனை அடையாளம் காணும் திறவுகோலையும் எதிர்பார்த்து இங்கு வருபவர் ஏமாறுவார். அதற்கு ஃபிஷ்பேஸ் தளமே பொருத்தம். உருவ அளவு, படம், மக்கள் வழங்கும் பெயர்கள் ஆகியவை அங்கு உண்டு. பட்டியலில் அறிவியல் பெயரை இலத்தீன் எழுத்தில் சரியாக இட வேண்டும் என்பதால், உழுவை என்ற பெயரோடு தொடங்கும் தமிழ் மாணவர் முதலில் ஃபிஷ்பேஸில் குளோசோகோபியஸ் கியூரிஸ் என்ற பெயரை அறிந்துகொண்டு வருவது நல்லது. வந்த பின், அதே குளோசோகோபியஸ் பேரினத்தின் கீழ் அங்காரானென்சிஸ் என்ற இனத்தையும் பார்க்கட்டும்: 1994இல் பானிஸ்டர் விவரித்த, வட மடகாஸ்கரின் அங்காரானா குகைகளில் வாழும் கண்ணற்ற மீன் அது. நம் ஆற்றிலும் குளத்திலும் அகப்படும் உழுவையின் பேரினத்திலேயே ஒரு குகைவாசியும் இருப்பதைத் தேடுபவர் தாமே கண்டறியலாம்.

பதிவுகளின் சுருக்கெழுத்து நடை தொடக்கத்தில் மிரட்டும். அருங்காட்சியகக் குறியீடுகளுக்கு அதே தளத்தில் தனி விளக்கப் பட்டியல் இருக்கிறது. விவரித்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் வந்தால், அந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று பொருள். 1962இல் மீஸ் விவரித்த அந்தக் கண்ணற்ற விலாங்கு போன்ற மீன் அப்படிப்பட்டது. வெரிட்டாஸுக்கு அடைப்புக்குறி இல்லை, ஏனெனில் விட்லி வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது. இத்தகைய சில மரபுகளைக் கற்றுக்கொண்டால் நடை பழகிவிடும்.

மீன் வகைப்பாட்டில் ஈடுபடும் அனைவருக்கும் இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது மட்டும், பட்டியலைப் பார்த்த நாளையும் தவறாமல் எழுதுங்கள். 2012இல் மில்யெரிங்காவின் இனங்களை எண்ணியவருக்கு வெரிட்டாஸ், புரூக்ஸி என இரண்டு கிடைத்திருக்கும். 2013ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் எண்ணினாலும் இரண்டுதான், ஆனால் அவை வெரிட்டாஸும் ஜஸ்டிஷியாவும்.