அம்மாவின் குதிகால் புண்ணுக்கு ஆல்ஜினேட் கட்டு: போட்டுப் பார்த்த அனுபவம்

"அக்கா, பெரியம்மாவுக்குப் போட்டீங்களே, அந்தக் கட்டை எங்க அப்பாவுக்கும் வாங்கலாமா?" என்று சின்னம்மா மகள் கேட்டாள். சர்க்கரைப் புண்ணோடு அல்லாடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அம்மா பாம்பனில் கடல்பாசி எடுத்தவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலடிப் பாறைத் திட்டான பாரில் இறங்குவார். சர்க்கரையால் கால் மரத்துப்போய், கல் கிழித்ததுகூடத் தெரியவில்லை. குதிகாலில் நீர் வடியும் புண். காஸ் துணி வைத்துக் கட்டினால், பிரிக்கும்போது புதுத் தோலும் சேர்ந்து உரிந்து வரும்.

ஆல்ஜினேட் என்கிற இந்த இழைக்கட்டு அப்படி ஒட்டவில்லை. புண்ணீர் பட்டதும் அதிலுள்ள கால்சியம் வெளியேறி, நீரிலுள்ள சோடியம் உள்ளே போகிறது. வெள்ளை இழை முழுக்கக் கூழாகிவிடுகிறது. முதல்முறை பிரித்தபோது வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் சிவப்புச் சதை, ஒரு சொட்டு ரத்தமில்லை. நம் ஊரில் புண்ணைக் காயவிடு என்பார்கள். ஆனால் ஈரமாக மூடிவைத்தால்தான் தோல் சீக்கிரம் மூடும் என்று ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962-லேயே பன்றிகளின் காயத்தில் காட்டிவிட்டார். இந்தக் கட்டு கட்டக்கோரை, பக்கோடாப் பாசி மாதிரியான பழுப்புப் பாசியில் எடுக்கிற சரக்கு என்று நர்ஸ் சொன்னதும், அம்மா வெட்டிய மிச்சத் துண்டை வாங்கி மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

என் கோபமெல்லாம் அளவின் மேல். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம். புண்ணோ குதிகால் வளைவில், கோணல்மாணலாக. வெட்டி வைத்தால் மிச்சம் வீண். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் கிருமி சேரும், எடுத்துவைக்க முடியாது. மேலே ஒட்டுகிற பட்டையோ கடற்கரைப் புழுக்கத்தில் வியர்த்து ஓரம் சுருண்டு மணலை வாரிக்கொள்கிறது. குதிகால் வடிவிலேயே ஃபோம் கட்டு இருக்கிறது. எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் ஆர்டர் போட்டால்தான் வரும். புண்ணை ஸ்கேன் செய்து, அதே வடிவில் முப்பரிமாண அச்சில் கட்டு வார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. அது கரைக்கு எப்போது வந்து சேருமோ!

வடிவம் மட்டுமில்லை, புண்ணும் வாராவாரம் மாறுகிறது. நீர் குறைந்ததும் இதே ஆல்ஜினேட் காய்ந்து ஒட்ட ஆரம்பித்தது. நர்ஸ் பார்த்து, புண்ணுக்கு ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல்லுக்கு மாற்றினார். வறண்ட புண்ணுக்கு ஆல்ஜினேட்டை வாங்கவே வேண்டாம். எந்தக் கட்டானாலும் குதிகாலை ஊன்றாமல் இருந்தால்தான் பலன்.

புண் இப்போது ஒரு ரூபாய்க் காசளவுக்குச் சுருங்கிவிட்டது. இருந்தும் 5-க்கு 2-தான் கொடுப்பேன். காசு கொடுத்து வாங்கியதில் பாதியை வெட்டிக் குப்பையில் போட்ட எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.