பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அந்த 15 இலக்க நம்பரைப் பாருங்க

ஓணம் ஆஃபர்ல நாகர்கோவில்ல ஒரு கடையில 21,999 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். சீல் உடைக்காத புதுசுன்னு சொல்லித்தான் தந்தாங்க. அது ஏப்ரல் மாசமே ஆன் ஆகி, வாரண்டி ஓட ஆரம்பிச்ச போன்னு எனக்குத் தெரிய கார்த்திகை ஆயிடுச்சு. கடை பேரையும் கம்பெனி பேரையும் இங்க போடல. இது எந்தக் கடையிலயும் நடக்கலாம்ங்கிறதால நடந்ததை மட்டும் எழுதுறேன்.

நான் 2016ல இருந்து ஐபோன்காரன். செகண்ட் ஹேண்ட் 5எஸ்ல ஆரம்பிச்சு கடைசியா ஐபோன் 11. அது நல்லாத்தான் இருந்தது, ஆனா பேட்டரி ஹெல்த் 78க்கு வந்து மத்தியானமே சார்ஜர் தேட வச்சது. புது ஐபோன் 16 வந்தப்போ விலை 79,900. அந்தக் காசுக்கு எங்க வீட்டுக் கிணத்து மோட்டரை மாத்தி, அடுக்களை மேல உள்ள ஓடுகளையும் மாத்திரலாம். “இருபதாயிரத்துக்கே இப்ப நல்ல போன் வருது மாமா”ன்னு மருமவன் சொன்னான். அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல.

கடையில எக்ஸ்சேஞ்சுக்கு வாட்ஸ்அப்ல சொன்ன விலை 14,000. நேர்ல போனதும் கவுண்டர் பையன் டார்ச் அடிச்சு ஓரத்துல ஒரு கீறலைக் கண்டுபிடிச்சான். அப்புறம் பேட்டரியைப் பார்த்தான். 9,000 ஆச்சு. வெளியே மழை, பின்னால நாலு பேரு நிக்காங்க. செரின்னுட்டேன்.

அவன் புதுப் பெட்டியை எடுத்து, நான் பார்க்கும் முன்னே நகத்தால சீலைக் கீறித் திறந்துட்டான். அந்த வட்ட ஸ்டிக்கருக்கு அடியில இன்னொரு வட்டமா பழைய பசையும் அதுல ஒட்டின தூசியும் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் மனசுல ஏறல. ஆன் பண்ணதும் மொழி தேர்ந்தெடுக்கச் சொல்லி முதல் ஸ்கிரீன் வந்ததுனால புதுசுன்னே நம்பிட்டேன். ஒருமுறை ரீசெட் பண்ணினா எந்தப் போனும் அந்த ஸ்கிரீன்லதான் வந்து நிக்கும்னு அப்புறம்தான் உறைச்சது.

“நீங்க இருங்கண்ணே, நானே செட் பண்ணித் தாரேன்”னு மளமளன்னு எல்லாத்தையும் அமுக்கி முடிச்சான். வாட்ஸ்அப் சாட் எல்லாம் வருமான்னு கேட்டேன். “நம்பர் போட்டா தன்னால வந்துரும்ணே.” அதை நம்பி, ஐபோன்ல தொலைஞ்ச போனைத் தேடுற ஃபைண்ட் மை வசதியை ஆஃப் பண்ணி, ஆப்பிள் ஐடியில இருந்து வெளியே வந்து, எரேஸ் பட்டனை என் கையாலேயே அமுக்கினேன்.

வரல. வரவும் வராது. ஐபோன் வாட்ஸ்அப் பேக்கப் போறது ஐகிளவுடுக்கு, ஆண்ட்ராய்டு தேடுறது கூகுள் டிரைவ்ல. ஒண்ணுல உள்ளது மத்ததுக்குத் தெரியாது. ரெண்டு போனையும் ஒரு முனை டைப் சி, மறுமுனை ஐபோனோட லைட்னிங்னு உள்ள கேபிள்ல இணைச்சு, புது போனை முதல்முதலா செட் பண்ணும்போதே மாத்தணும். செட்டப் முடிஞ்சுட்டா புது போனை ரீசெட் பண்ணி மறுபடி முதல்ல இருந்து வரணும், அதுக்கும் பழைய ஐபோன் அழியாம கையில இருக்கணும். என் ஐபோன் கடைக்காரன் டிராயருக்குள்ள போயாச்சு. ஐகிளவுடுல இலவசமா கிடைக்கிற 5 ஜிபி போட்டோவுலயே நிறைஞ்சு, பேக்கப் எடுத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. அது என் தப்புதான்.

போனது என்னன்னு கேக்கலாம். குலசேகரம் பக்கம் எனக்கு முக்கால் ஏக்கர் ரப்பர் இருக்கு. பால் வெட்டுற அண்ணனுக்கு எழுத்து அவ்வளவு வராது. தினமும் காலையில வாய்ஸ் மெசேஜ்தான்: “தம்பி, இன்னைக்கு ஏழு ஷீட்.” “மழை, வெட்டு இல்ல.” “ஒட்டுப்பால் சாக்குல கட்டி வச்சிருக்கு.” அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் கணக்குப் புஸ்தகம். அவருக்குக் கூலி பார்க்கிறதும் அதை வச்சுத்தான். ரெண்டு வருசக் கணக்கு அந்தக் கவுண்டர்ல போச்சு.

போனைக் குறை சொல்ல மாட்டேன், அதையும் சொல்லிடணும். ஒரு மணி நேரத்துக்குள்ள சார்ஜ் ஏறுது, வீட்ல எல்லாருக்கும் ஒரே டைப் சி வயர், ஸ்கிரீன் என் 11ஐ விட வழுக்கிட்டு ஓடுது. லாக் ஸ்கிரீன்ல தினம் ஒரு விளம்பரம் வந்து நின்னது, ஐபோன்காரனுக்கு அது வாசல்ல நோட்டீஸ் ஒட்டின மாதிரி எரிச்சல். செட்டிங்ஸ்ல போய் அணைச்சேன். ஒரே குறை, பேசும்போது ஸ்கிரீன் அணையாது. கன்னம் பட்டு மியூட் ஆகிடும், அந்தப் பக்கம் “ஹலோ, ஹலோ”ன்னு கத்துவாங்க.

அதைக் காட்டத்தான் கார்த்திகையில சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பிள்ளை, ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமா உள்ள ஐஎம்இஐ நம்பரை அடிச்சுப் பார்த்துட்டு, “சார், எப்ப வாங்கினீங்க?”ன்னு கேட்டா. ஓணத்துக்குன்னேன். ஒண்ணும் சொல்லாம மானிட்டரை என் பக்கமா திருப்பினா. ஆக்டிவேஷன் ஏப்ரல் 9. வாரண்டி அந்தத் தேதியில இருந்து ஒரு வருசம். அஞ்சு மாசத்தை யாரோ தின்னுட்டாங்க. விற்பனை டார்கெட்டை முடிச்சுக் காட்ட சில கடைகள்ல ஸ்டாக்கை முன்கூட்டியே ஆன் பண்ணி மறுபடி மூடி வைப்பாங்கன்னு அந்தப் பிள்ளைதான் சொன்னா. “ஜிஎஸ்டி பில் கொண்டு வாங்க, தேதி மாத்தக் கேட்டுப் பார்க்கலாம்.”

பில்லைத் தேடி எடுத்தா, மேல ‘எஸ்டிமேட்’னு போட்ட ஒரு துண்டுச் சீட்டு. மாடல் பேரு இருக்கு, தொகை இருக்கு, ஐஎம்இஐ இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. 18 சதவீத வரியும் சேர்த்துத்தான் காசு குடுத்தோம்னு நினைச்சேன்.

கடைக்குப் போனேன்.

“அண்ணே, ஆன் பண்ணி செக் பண்ணித்தான் தருவோம். கஸ்டமருக்கு அது நல்லதுதானே?”

“ஏப்ரல்ல செக் பண்ணி ஓணத்துக்கு விப்பீங்களா?”

முதலாளி மதியத்துக்கு மேல வருவாருன்னாங்க. மூணு மதியம் போனேன்.

அப்புறம்தான் 1915க்குப் போன் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசினாங்க. பில் தர மறுக்கிறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிக நடைமுறைதான். புகார் எண் வந்த ரெண்டாவது வாரம், அதுவரை கம்ப்யூட்டர் சரியில்லன்னு சொன்ன அதே கடையில இருந்து ஐஎம்இஐ போட்ட பில் வந்துச்சு. அதை சர்வீஸ் சென்டர்ல குடுத்திருக்கேன். தேதி இன்னும் மாறல. மாறலன்னா நாகர்கோவில் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடலாம்னு இருக்கேன். 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயும் முடியும்.

எனக்கு வயிறு எரியறது எதுக்குன்னா, ஐபோன் வாங்கினப்ப எல்லாம் சீரியல் நம்பரை ஆப்பிள் சைட்ல போட்டு வாரண்டி கவரேஜ் பார்த்துட்டுத்தான் காசு குடுப்பேன். ஆண்ட்ராய்டுக்கும் அதே வழிதான். ஐஎம்இஐ பெட்டி வெளியிலயே அச்சாகியிருக்கு, 15 இலக்கம். சீலைத் தொட விடாம, அந்த நம்பரை கம்பெனி சைட்ல வாரண்டி பார்க்கிற இடத்துல போடுங்க. ஏற்கனவே ஒரு தேதி ஓடிட்டு இருந்தா வேற பெட்டி கேளுங்க. 14422க்கு மெசேஜ் அனுப்பிப் பார்த்தா போதும்னு சிலர் சொல்றாங்க. கம்பெனி, மாடல், திருட்டுன்னு பிளாக் ஆனதான்னு மட்டும்தான் அதுல தெரியும், ஆக்டிவேஷன் தேதி தெரியாது. நானும் அனுப்பினேன், எல்லாம் சரின்னுதான் பதில் வந்தது. பெட்டியைப் பிரிச்சப்புறம் *#06# அடிச்சா வர்ற நம்பரும், பெட்டி நம்பரும், பில் நம்பரும் ஒண்ணா இருக்கணும். பழைய போனை அங்கேயே குடுத்துராதீங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து, கேபிள் போட்டு எல்லாம் மாறிடுச்சான்னு பார்த்துட்டு ரெண்டு நாள் கழிச்சுக் குடுங்க. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இன்னைக்கோட முடியுதுன்னா முடியட்டும்.

பால் வெட்டுற அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். “எனக்கு ஓர்மை உள்ளதைச் சொல்லுதேன் தம்பி, எழுதிக்கோ”ன்னார். ஆடி மாசம் வரைக்கும் பின்னோக்கிச் சொன்னார், அதுக்கு முன்னால மழையில குழம்பிடுச்சு. இப்ப ரப்பர் ஷீட் அடிக்கிற புரைச் சுவர்ல ஒரு காலண்டர் தொங்குது, தினமும் கோடு போடுறார்.

அந்த எஸ்டிமேட் சீட்டு ஏடிஎம் சீட்டு மாதிரி தெர்மல் பேப்பர். இப்பவே எழுத்து பாதி மங்கிடுச்சு. நேத்துத்தான் தக்கலையில மூணு ஜெராக்ஸ் எடுத்து பைலுக்குள்ள வச்சேன்.