காற்றடிக்கும் குட்டிக் குளம்: சின்னதாகவே வாங்குங்கள்

பிள்ளைகளுக்கு இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருக்கிற குடும்பத்தைப் பார்த்துப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். நான் சொல்வது மூன்று வளையம் வைத்த, காற்றடித்து நிமிர்த்துகிற சாதாரண பிளாஸ்டிக் குளத்தை. நவம்பர் பிறந்ததும் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமில்லை, எல்லாமே ஏறக்குறைய ஒரே சரக்கு.

யாருக்கு இது உதவும் என்றால், என்னைப்போல விடிகாலையில் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு. இங்கே கோடை தொடங்கிவிட்டால் ஐந்து மணிக்கெல்லாம் பளீரென்று விடிந்துவிடுகிறது, எங்கள் வீட்டு இரண்டும் அதோடு சேர்ந்து எழுந்துவிடுகிறார்கள். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு இரண்டு. மனைவிக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. ஆக விடியலிலிருந்து சோறு ஊட்டுகிற வரைக்கும் நான் ஒற்றை ஆள். டிசம்பரில் பள்ளிக்கூடமும் மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியில் போட்டிருப்பது பாதி உண்மை. ஐந்தடி என்று போட்டிருக்கும். அது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. ஊதின வளையம் இரண்டு பக்கமும் இடத்தைத் தின்றதுபோக உள்ளே உட்காரக் கிடைப்பது நாலடிதான். அதில் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிரப்பினால் சுமார் 170 லிட்டர் பிடிக்கும், 20 லிட்டர் வாளியில் எட்டு ஒன்பது வாளி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது தாராளம். நீச்சல் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா என்ன?

டர்பனில் நாங்கள் இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதி வாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் வருடத்துச் சட்டத்தின் பேரில், நம் இந்திய வம்சாவளி ஆட்களை ஊரெல்லாம் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1960-களில் இந்த மேட்டிலும் சரிவிலும் குடிவைத்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டின வீடுகள், முற்றம் என்று பெயருக்கு ஒரு சரிவான துண்டு. பெட்டியில் 'சமதளத்தில் வைக்கவும்' என்று எழுதியிருப்பதைப் படித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் சிரிப்பு வரும். விஷயம் என்னவென்றால், தண்ணீர் தாழ்ந்த பக்கமாகத்தான் போய்ச் சேரும், அந்தப் பக்கத்து வளையம் பாரம் தாங்காமல் படுத்துவிடும், ஒரு பிள்ளை அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் போதும், மொத்தமும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். குளம் சின்னதாக இருந்தால் சமமான நாலடி இடத்தை எங்காவது தேடிப் பிடித்துவிடலாம், நான் துணி காயப்போடும் சிமெண்ட் தரையில் பழைய கம்பளத்தை விரித்து அதன்மேல் வைக்கிறேன். எட்டடி இடத்துக்கு எங்கே போவது?

அப்புறம் காற்று. இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. காலையில் விறைப்பாக ஊதி வைத்தால் வெயில் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஒட்டின இடங்கள் இழுபடும். சில குளங்கள் தையல் பிரிவது இப்படித்தான், பிள்ளைகள் குதித்தெல்லாம் இல்லை. அதேபோல் குழாய்த் தண்ணீரை ஊற்றினதும் காற்று குளிர்ந்து வளையம் தொய்ந்துபோகும், புது பிளாஸ்டிக் முதல் நாள் கொஞ்சம் நீளவும் செய்யும். உடனே ஓட்டை என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓட வேண்டாம். சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால்தான் ஓட்டை. அமுக்கினால் சற்றே உள்வாங்குகிற பதத்தில் ஊதுங்கள், சரியாக இருக்கும். அடைப்பானின் கழுத்தை விரலால் நசுக்கிப் பிடித்தால்தான் காற்று உள்ளே போகும், வெளியே வருவதும் அப்படியே. இதைச் சின்னவன் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்குக் குளத்தைவிட அதுதான் விளையாட்டு.

கடற்கரை இருக்கும்போது இது எதற்கு என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். நார்த் பீச் பக்கம் குழந்தைகளுக்கென்றே ஆழமில்லாத குளங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள், உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், கடலுக்குள் சுறா வலை 1952-லிருந்தே இருக்கிறது. எனக்கும் கடல் பிடிக்கும். ஆனால் சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு பொடிசுகளை ஏற்றிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய்ப் பாருங்கள். காரில் எல்லாவற்றையும் ஏற்றி, போய்ச் சேர்ந்து நிறுத்த இடம் பிடித்து, மணலில் கால் வைத்தால் வடகிழக்குக் காற்று கிளம்பியிருக்கும், கரையெல்லாம் புளூபாட்டில் ஒதுங்கிக் கிடக்கும். ஜெல்லிமீனுக்கு ஒன்றுவிட்ட உறவு அது, தொட்டால் கொட்டும், ஆனால் பார்க்க அழகான நீலம், இரண்டு வயதுப் பையன் கையில் எடுக்காமல் விடுவானா? கிறிஸ்மஸ், புதுவருஷம் சமயத்தில் கூட்டத்தில் தொலையாமல் இருக்கப் பிள்ளைகள் கையில் பட்டை கட்டி அனுப்புகிற கடற்கரை அது. இரண்டு பெரியவர்கள் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு அது சரி. செவ்வாய்க்கிழமை காலைக்கு இந்தக் குளம்தான்.

எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். எழுந்ததும் தண்ணீரைப் பிடித்துவிட்டு இட்லியோ ரொட்டியோ கொடுத்து முடிப்பேன், அதற்குள் சில்லிப்பு போய்விடும். ஏழு மணிக்கு இறக்கினால் ஒன்பதரைக்குள் ஏற்றிவிடுவேன். பத்து மணிக்கு மேல் டர்பன் வெயில் பிள்ளைகளின் தோலுக்கு ஆகாது, டிசம்பர் உச்சிப்பொழுதில் புற ஊதாக் கதிர்க் குறியீடு, மிகக் கடுமை என்கிற 11-ஐயும் தாண்டுகிற ஊர் இது. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுத்தான் இறக்குகிறேன். நம் பிள்ளைகள் கறுப்புதானே, ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு சட்டையை மாட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னய்யா, துணி ஊற வைக்கிற மாதிரி பிள்ளைங்களை ஊற வெச்சிருக்கே," என்றார். அதே ஆயாதான் மாமரத்து நிழலில் வைக்கச் சொன்னதும். வைத்தேன். நிழல் அருமை, ஆனால் இலையும் பிசினும் விழுகிறது, இங்கே கிறிஸ்மஸ் பீட்டில் என்று சொல்கிற சில்வண்டு கழற்றிப்போட்ட கூடும் விழுகிறது. அதைப் பெரியவள் தலையில் சொருகிக்கொண்டு வருவாள். மாமரத்தைத் தேடிக் குரங்குகளும் வருகின்றன. குளத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும், ஓரத்தில் வைத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வளையத்தை ஒரு கீறு கீறிவிட்டும் போகும். தின்பண்டத்தைக் குளத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

இது பொம்மை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிப்போகும், சத்தமே கேட்காது. ஆகவே பிள்ளைகளை இதில் விட்டுவிட்டு நீங்கள் சமைக்கலாம், துணி மடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும், ஃபோன் உள்ளேயே இருக்கட்டும். கேட்டில் யாராவது கூப்பிட்டால் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டுதான் போவேன், ஈரம் சொட்டச் சொட்ட. கூப்பிட்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

சின்னதாக வாங்கச் சொல்வதற்குப் பெரிய காரணம், தினமும் கொட்டியாக வேண்டும் என்பது. இதில் வடிகட்டி கிடையாது, டயப்பர் வயதுப் பையன் உட்கார்ந்து எழுந்த தண்ணீர் அது, மறுநாளைக்கு வைக்கவே கூடாது, வைத்தால் கொசுவும் வரும். 170 லிட்டரை விளிம்பை அழுத்தி ஐந்து நிமிஷத்தில் கொட்டிவிடுவேன், எல்லாம் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போய்விடும். தண்ணீர் வராத நாள் வந்தால் முன்கூட்டியே பிடித்துவைத்த வாளிகளை வைத்தே பாதி நிரப்பிவிடலாம். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் மூன்று மீட்டர் அகலத்தில் இரும்புக் கால் வைத்த குளம் வாங்கினார். நாலாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதை யார் தினம் கொட்டுவது? மருந்து போட வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், கரண்ட் போனால் அதுவும் இல்லை, தண்ணீர் பச்சையாகிவிட்டது. இப்போது மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார், அவர் பிள்ளைகள் குளிப்பது எங்கள் குளத்தில்.

குறை என்றால், பெட்டிக்குள் ஒட்டுத்துண்டு இருக்கிறது என்று அச்சிட்டிருந்தது, திறந்தால் இல்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, நனைந்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சம்பந்தமில்லாத பதில். நான் திருப்பிக் கொடுக்கவா வந்தேன்? சைக்கிள் டியூப் ஒட்டுகிற துண்டு இதற்கு ஆகாது, வினைல் ஒட்டு என்று கேட்டு வாங்குங்கள். புதிதில் பிளாஸ்டிக் நாற்றம் தலைவலி தருகிற அளவுக்கு இருக்கும், ஒரு நாள் முழுக்க ஊதி வெளியே போட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் குறையும். நான் கொடுத்தது 350 ராண்டு, கால் பம்ப்புக்குத் தனியாக 120. வாயால் ஊதிக்கொள்ளலாம் என்று பம்ப்பை விட்டுவிட்டு வராதீர்கள், கீழ் வளையம் முடிவதற்குள் உங்களுக்குத் தலை சுற்றும், அதற்குள் இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள்.