வீட்டில் பாடிப் பதிவு செய்யும்போது: கம்ப்ரஸரா, கையால் ஏற்றி இறக்குவதா?

போன மாதம் அக்கா பாடிய நான்கு விருத்தங்களை வீட்டிலேயே பதிவு செய்தேன். கீழ்ப் பஞ்சமத்தில் நிற்கும்போது குரல் கேட்கவே இல்லை, மேல் ஷட்ஜத்துக்குப் போனால் காதைப் பிளக்கிறது. மைக்கிலிருந்து விலகிப் பாடுவது, கம்ப்ரஸர் (ஓங்கிய சத்தத்தைத் தானாக அமுக்கும் கருவி), பதிவான பின் கையால் ஏற்றி இறக்குவது என்று மூன்று வழிகளிலும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கையால் ஏற்றி இறக்குவதற்கே வந்து சேர்ந்தேன்.

முதலில், எந்த வழியில் போனாலும் பதிவாகும்போதே சத்தம் உடைந்துவிட்டால் பின்னால் சரிசெய்ய முடியாது. 24 பிட்டில் வைத்து, பாட்டின் உச்சமான இடத்தைப் பாடச் சொல்லி, அது மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கிலிருந்து விலகிப் பாடுவது பழைய வழி. ஒரு சாண் தூரத்தை இரண்டு சாணாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆனால் கார்டியாய்டு மைக்கில் (முன்பக்க ஒலியை அதிகமாக எடுப்பது) விலகும்போது குரலின் கனமும் குறைந்து, அறையின் எதிரொலி கூடிவிடும். மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கைவரும். அக்காவுக்கோ தலையை எப்போது நகர்த்துவது என்பதிலேயே கவனம் போய்விட்டது.

அடுத்தது கம்ப்ரஸர். த்ரெஷோல்டை, அதாவது நாம் வைக்கும் எல்லையை, தாண்டிய சத்தத்தை அமுக்கும். ரேஷியோ 3:1 என்றால் 6 டெசிபல் தாண்டியது 2 ஆகும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான். உச்சத்தில் 8 டெசிபல் அமுக்கிவிட்டு, இழந்த சத்தத்தை மீட்க மேக்கப் கெயினில் 8 ஏற்றினால், பாடாத இடத்தில் இருக்கும் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் அதே 8 டெசிபல் ஏறுகின்றன. விருத்தத்தில் தாளம் கிடையாது, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. போதாக்குறைக்கு ஸ்ருதிப் பெட்டியை அறையிலேயே ஓடவிட்டிருந்தேன். அக்கா உரக்கப் பாடும்போது ஸ்ருதி உள்ளே அமுங்குகிறது, நிறுத்தியதும் மெல்ல மேலே எழும்புகிறது. ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது. அன்றிலிருந்து ஸ்ருதி ஹெட்போனில் மட்டும்தான்.

கையால் செய்வதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, நான் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் காரணம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மூச்சு எடுக்கும் இடத்தில் எஸ் விசையால் வெட்டி, தாழ்ந்த வரியை 4, 5 டெசிபல் ஏற்றுகிறேன், ஓங்கிய வரியை இறக்குகிறேன். ஏற்றிய வரிக்கு அடியில் இரைச்சலும் ஏறத்தான் செய்யும், ஆனால் அதன் மேல் குரல் இருப்பதால் தெரிவதில்லை. இடைவெளிகளை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. மூச்சுச் சத்தத்தை 6 டெசிபல் போலக் குறைத்தால் போதும், முழுக்க வெட்டினால் பாடுவது மனுஷி மாதிரியே இருக்காது. ஒரு வரிக்குள்ளேயே குரல் ஏறி இறங்கினால் டேக் வால்யூம் என்வலப்பில் (அந்தத் துண்டின் சத்த அளவுக் கோட்டில்) புள்ளி வைத்து வளைக்கலாம். ஆடாசிட்டி மென்பொருளிலும் என்வலப் டூல் இருக்கிறது. ரீப்பரில் வி விசையை அழுத்தினால் வரும் வால்யூம் கோடு, கம்ப்ரஸர் போன்ற பிளக்இன்களுக்குப் பிறகு வேலை செய்வது. அதில் எவ்வளவு இறக்கினாலும் கம்ப்ரஸருக்குத் தெரியாது. முதல் விருத்தத்தை அப்படிச் செய்துவிட்டுத் திரும்ப உட்கார வேண்டியதாயிற்று.

நேரம் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. நான்கு நிமிட விருத்தத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் எந்த இடம் ஓங்கி ஒலிக்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று பாடியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்யலாம். "அந்த இடத்தை ஏத்தாதே, அது மெதுவாத்தான் வரணும்" என்று அக்கா இரண்டு இடங்களில் தடுத்தாள். கம்ப்ரஸர் இரண்டையும் மேலே கொண்டுவந்திருக்கும்.

கையால் சமன் செய்தபின் 2:1 ரேஷியோவில் 2, 3 டெசிபல் மட்டும் அமுக்கும்படி கம்ப்ரஸரும் போட்டேன், அந்த அளவில் ஸ்ருதி எழும்பவில்லை.

டிராக் (முன்பே பதிவான பின்னணி இசை) மேல் பாடும் சினிமாப் பாட்டு இரண்டுதான் செய்திருக்கிறேன். அங்கே டிரம்ஸும் பேஸும் அறை இரைச்சலை மூடிவிடுவதால் வெறும் கம்ப்ரஸரே போதுமாக இருந்தது.