டிஏபி போட்ட நாற்றா, வேர்ப்பூசணம் ஏறிய நாற்றா?

புளியரையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். ஆனிச் சாரல் விழ ஆரம்பித்ததும் செங்கோட்டைக்காரர்களும், கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலைக்காரர்களும் வண்டியோடு வந்துவிடுவார்கள். எல்லார் கையும் நீளுவது உயரமான நாற்றுப் பக்கம்தான். "நல்லா வளந்ததாப் பாத்து எடுத்து வைங்க அண்ணாச்சி." மலைச் சரிவில் வைக்கப் போகிறவர்களாவது உயரத்தை விட்டு வேரைப் பார்க்க வேண்டும்.

வேங்கையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாத்திக்கு டிஏபி உரத்தைக் கரைத்து ஊற்றினேன். அதில் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). மூன்றே மாதத்தில் கரும்பச்சை இலையோடு நெடுநெடுவென்று நின்றது. பக்கத்துப் பாத்தியில் தொழுஉரமும் வேமும் மட்டும், அதாவது வேருக்குள் குடியிருந்து மண்ணிலிருந்து சத்து எடுத்துக் கொடுக்கும் வேர் உட்பூசணம். அது முக்கால் உயரம்தான். பையைக் கிழித்து மண்ணைக் கழுவியதும் கதை மாறியது. டிஏபி நாற்றில் ஆணிவேர் ஒன்று, பக்கவேர் சொற்பம். மற்றதில் சல்லிவேர் பின்னிக் கிடந்தது, நடுநடுவே மிளகைவிடச் சிறிய முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. வேங்கை பயறு இனம். காற்றிலிருக்கும் தழைச்சத்தை அந்த முடிச்சே பிடித்துக் கொடுக்கும். நாம் தழைச்சத்தை அள்ளி ஊட்டினால் முடிச்சு கட்டுவது குறைந்துவிடும்.

மணிச்சத்தின் சங்கதி இன்னும் முக்கியம். நம் செம்மண்ணில் அது இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் பட்டினிதான். பூசண இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. வேர் நுழைய முடியாத சந்தில் புகுந்து, சில சென்டிமீட்டர் தாண்டிப் போய் எடுத்து வரும். கூலியாக மரம் தன் சர்க்கரையில் 4 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கிறது. கைக்கெட்டும் தூரத்திலேயே மணிச்சத்து கொட்டிக் கிடந்தால் மரம் அந்தக் கூலியைக் கொடுக்காது, பூசணத்தையும் பெரிதாக உள்ளே விடாது. டிஏபி பாத்தியிலேயே வேமையும் தூவுகிறவர்கள் காசைக் கரைக்கிறார்கள்.

வேமிலும் தவறலாம், நான் தவறியிருக்கிறேன். உயிருள்ள வேரில் மட்டுமே வளரும் பூசணம் அது. சோளம், மக்காச்சோளத் தொட்டிகளில் பெருக்கித்தான் விற்கிறார்கள். விதைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் போட்டால்தான் முளைவேர் அதைத் தொட்டுக்கொண்டு இறங்கும். ஒரு வருஷம் எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, நாற்றழுகலுக்குப் பயந்து கார்பண்டாசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினேன். அழுகல் நின்றது, வேமும் போயிற்று. வெறும் மணலில் வேமை மட்டும் போட்டு நாற்று மஞ்சளித்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். எடுத்து வர மண்ணில் ஏதாவது இருந்தால்தானே பூசணம் எடுத்து வரும்? நிழல்வலைக்குள்ளேயே கிடக்கும் நாற்றுக்கும் இதே பாடுதான். வெயில் இல்லாமல் சர்க்கரை ஏது, கூலி ஏது?

மூன்றாவது வழி தாய்மரத்தடி மண். வெள்ளைக் குங்கிலியம், மலையாளத்தில் வெள்ளப்பயின், வளர்க்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்தக் குடும்பத்து மரங்களோடு சேருவது வேறு வகைப் பூசணம். வேருக்குள் ஒளியாமல் வேர்நுனிமேல் உறைபோல் போர்த்திக்கொள்ளும். நுனிகள் தடித்துக் கட்டையாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கடையில் வாங்கும் வேம் இதற்கு உதவாது. பைன் மரத்துக்கும் இந்த வகைப் பூசணம்தான். அது இல்லாத வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோன பைன் நாற்றுகள், பழைய மண்ணைத் தருவித்துக் கலந்த பிறகுதான் தேறின. ஆனால் காட்டு மண்ணோடு நூற்புழுவும் அழுகல் கிருமியும் சேர்ந்தே வரும். காப்புக்காட்டில் அள்ளுவது சட்டப்படி குற்றம். சொந்தத் தோட்டத்திலோ, சம்மதம் கேட்டுக் கோயில்காட்டின் (காவு) ஓரத்திலோ எடுத்து, பைக்கு ஒரு கைப்பிடி கலந்தால் போதும்.

வீட்டோரம் நாலு தேக்கு வைத்துத் தினமும் தண்ணீர் விடுகிறவர் டிஏபி நாற்றையே தாராளமாக வாங்கலாம், சீக்கிரம் எழும்பும். சரிவில் நட்டுவிட்டு வருகிறவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது. மாசி, பங்குனி வெயிலில் அங்கே குடம் தூக்கப் போவது யார்? அவர்களுக்கென்று தொழுஉரம், மணிச்சத்துள்ள பாறைப்பொடியான ராக் பாஸ்பேட் கொஞ்சம், வேம் மூன்றும் சேர்த்து வளர்த்த பாத்தி தனியே இருக்கிறது. ராக் பாஸ்பேட் மெல்லக் கரைவதால் பூசணத்தை விரட்டுவதில்லை. நட ஒரு மாதம் இருக்கும்போது நிழல்வலையைச் சுருட்டி, தண்ணீரையும் குறைத்துவிடுவேன். இந்த ஆனிக்கு அந்த வேங்கை முழங்கால் உயரம்கூட இல்லை. வருகிறவர்கள் கேட்டால் ஒரு பையைக் கிழித்துக் காட்டுகிறேன்.