எம்ஜிபி ஷாக்: லீவர் ஆர்மா, டியூப்பா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபில ஷாக் அப்சார்பர் போயிடுச்சுன்னா, பழைய லீவர் ஆர்மையே (ஆயில் பாடியும் அதுல ஆடுற கையும் இருக்க பழைய வகை ஷாக்) ரீகண்டிஷன் பண்ணலாமா இல்ல இப்போ எல்லா கார்லயும் வர்ற குழாய் மாதிரி டியூப் ஷாக்குக்கு மாறிடலாமான்னுதான் எல்லாரும் யோசிக்கிறாங்க. முன்பக்கத்துக்கு ஒரு பதில், பின்பக்கத்துக்கு வேற பதில், ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்க வேணாம்.

முன்னாடி இருக்க ஆம்ஸ்ட்ராங் கம்பெனி லீவர் ஆர்ம் வெறும் ஷாக் இல்லங்க, அதோட கைதான் மேல் விஷ்போன் (வீல பாடியோட சேர்க்குற மேல் கை), வீல மேல புடிச்சிட்டு நிக்கிறதே அதுதான். அதனால டியூப் கிட் வாங்கினாலும் பல கிட்ல பழைய பாடிய கழட்டவே முடியாது, அத வெறும் கீல் மாதிரி அங்கயே விட்டுட்டு பக்கத்துல டியூப் மாட்டுவாங்க, உள்ள ஷாஃப்ட்ட தாங்குற புஷ் தேஞ்சிருந்தா அந்த ஆட்டம் அப்படியேதான இருக்கும்? அவ்ளோ காசு போட்டு என்ன பிரயோஜனம். முன்னாடிக்கு ரீகண்டிஷன்தான் சரி. ஆனா சீல் மட்டும் மாத்தி குடுக்குற ஆள்கிட்ட போகாதீங்க, ஷாஃப்ட் ஆடுனா புது சீலும் சீக்கிரமே கசியும், புஷ்ஷயும் மாத்தணும். இங்கிலாந்துல எக்ஸ்சேஞ்ச்ல கிடைக்குது, பழச திருப்பி அனுப்பணும், நல்ல கனம், கூரியர் கூலியே எகிறிடும், அதனால நம்பிக்கையான லேத்து பட்டறை கிடைச்சா இங்கயே பண்ணிடலாம். ஆயிலுக்கு பைக் கடைல கிடைக்கிற 20 வெயிட் ஃபோர்க் ஆயில் போதும்.

பின்னாடி கதை வேற. லீஃப் ஸ்பிரிங்கும் ஆக்ஸிலும் வீல பாத்துக்குது, ஷாக்குக்கு ஆட்டத்த அடக்குற வேலை மட்டும்தான், அதனால டியூப் தாராளமா போடலாம். லீவர் ஆர்ம்ல ஆயில் கொஞ்சம்தான் புடிக்கும், நம்ம பாண்டிச்சேரி கடலூர் ரோட்ல மழைக்கு அப்புறம் குழி குழியா ஓட்டுனா சூடாகி ஷாக் தொய்ஞ்சிடும், டியூப்ல அந்த தொல்லை கம்மி.

எந்த டியூப்? உள்ள கேஸ அழுத்தி அடைச்சு வர்ற ஹை பிரஷர் மோனோ டியூப் நம்ம ஊருக்கு வேணாம், எம்ஜிபி பின்பக்கம் எடை கம்மி, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் இடுப்பு ஒடிஞ்சிடும். கோனி (Koni) கம்பெனியோட சிவப்பு ஷாக் அருமையா உழைக்கும், ஆனா செட்டிங் மாத்த கழட்டி முழுசா அமுக்கி திருப்பணும், அதுவும் ரீபவுண்ட் (ஷாக் திரும்ப நீளும்போது குடுக்குற தடை) மட்டும்தான் மாறும். காஸ் (GAZ)ங்கற இன்னொரு கம்பெனி ஷாக்ல பக்கவாட்டுல ஒரு திருகு இருக்கு, கார்லயே வச்சு திருப்பிக்கலாம், ஷாக் அமுங்கும்போது வர்ற தடையும் ரீபவுண்டும் சேந்தே மாறும். ஒரே ஆள் ஒரே ரோட்ல ஓட்டுறதா இருந்தா கோனி, ஒயிட் டவுன் கல்லு ரோடும் ஈசிஆரும் ரெண்டும் வேணும்னா காஸ். நான் காஸ் பக்கம்தான்.

ஒண்ணு மறக்காதீங்க, 1974 கடைசிலேந்து வந்த ரப்பர் பம்பர் எம்ஜிபி உசரம் அதிகம், அதுக்கு ஷாக் நீளமும் வேற. பம்ப் ஸ்டாப்ல (ஆக்ஸில் மேல போறத நிறுத்துற ரப்பர் கட்டை) ஆக்ஸில் இடிக்கிறதுக்கு முன்னாடி ஷாக் முழுசா மூடிக்கிச்சுன்னா ஷாக்கும் போச்சு, ப்ராக்கெட்டும் போச்சு. கடல் காத்துல டியூப் ஷாக்கோட ராடு குரோம் அரிச்சா சீல கிழிச்சிடும், அதனால மேல ரப்பர் உறை வர்ற மாடலா பாத்து கேளுங்க. மாட்டுனதும் காஸ ரொம்ப லூசான செட்டிங்ல வச்சு ஓட்டிப்பாருங்க, பின்பக்கம் ரெண்டாவது தடவ எழும்புனா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க.